காலாவதியான ஆறு குப்பிகள்

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் மருந்தகம் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது என்னை அங்கே கம்பவுண்டராகப் போட்டார்கள். என் பெயர் அர்த்தனாரி. சொந்த ஊர் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி. கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. மருந்துப் பெட்டியானாலும் மண்ணெண்ணெய் டின்னானாலும் தலைச்சுமையாகத்தான் மேலே வரவேண்டும். டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, கீழேயிருந்து நடந்து ஏறி வருவார். மற்ற நாட்களில் புண்ணுக்கு மருந்து போடுவதிலிருந்து காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது வரை எல்லாம் நான்தான்.

பாம்புக்கடிக்கான ஊசி மருந்து எங்கள் அலமாரியில் ஆறு குப்பி இருந்தது. வெள்ளைப் பொடி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஊசி போடவேண்டும். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தோடு அதன் தேதி முடிவதாகக் குப்பியின் மேல் அச்சடித்திருந்தது. மே மாதமே புது மருந்து கேட்டு எழுதிப்போட்டேன். ஜூலையில் ஒருமுறை ஞாபகப்படுத்தினேன். ‘கையிருப்பு வந்ததும் அனுப்பப்படும்’ என்று ஒரு கார்டு வந்ததோடு சரி.

செப்டம்பர் இரண்டாம் தேதி டாக்டர் வந்தார். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு மருந்தாக எடுத்துத் தேதி பார்த்தார். ஆறு குப்பியையும் மேஜைமேல் தனியாக எடுத்து வைத்தார்.

“இது முடிஞ்சு போச்சு. அழிச்சிரணும்.”

“புதுசு வர்ற வரைக்கும் இருக்கட்டுங்களா சார்? இது அறுப்புக் காலமுங்க.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். “போன வருஷம் வேற ஊர்ல பழைய மருந்து போட்டு ஒரு பொம்பளைக்கு உடம்பு வீங்கிப் போச்சு. போட்டவனை வேலையில இருந்தே எடுத்துட்டாங்க. நீயும் நானும் குடும்பம் வச்சிருக்கிறவங்க. வெளியில கொண்டு வா, உடைச்சிரலாம்.”

குப்பிகளைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் சொல்லுக்குப் பயந்து மட்டுமல்ல. முன்பு வேலை பார்த்த ஊரில் தேதி முடிந்த ரணஜன்னி மருந்தைப் போட்டும் ஒருவன் வெட்டி வெட்டி இழுத்துச் செத்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதிலிருந்து குப்பிமேல் இருக்கும் தேதியை நான் முழுசாக நம்பினேன்.

அழிப்பதற்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது விதி. டாக்டர் ஒன்று. அன்றைக்கு நல்லமுத்துக் கவுண்டர் தன் மகள் கண்ணாயிக்குக் காதில் சீழ் வடிகிறது என்று தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். சாமையும் கேழ்வரகும் பயிரிடுகிறவர், நாலு பலாமரமும் கொஞ்சம் மிளகுக் கொடியும் உண்டு. அவரைக் கூப்பிட்டோம்.

மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த பாறைமேல் குப்பிகளை வைத்துக் கல்லால் தட்டினேன். உள்ளே இருந்த பொடி கட்டியாகக்கூட ஆகவில்லை. அப்போது அரைத்த மாவு மாதிரி உதிர்ந்தது. நல்லமுத்து குனிந்து பார்த்தார்.

“கெட்டுப் போச்சுங்களா? நாத்தம் ஒன்னும் வரலீங்களே.”

“மருந்து நாறாது கவுண்டரே. தேதிதான் சொல்லும்” என்றார் டாக்டர்.

ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாறையைக் கழுவினேன். நல்லமுத்து காகிதத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தார். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, மகளுக்குக் காது மருந்து வாங்கிப் போனார்.

பதினோரு நாள் கழித்து, சனிக்கிழமை காலையில், அவருடைய மனைவி இருசாயி நடந்து வந்தாள்.

அவளை எனக்கு நன்றாகத் தெரியும். மருந்தகப் பக்கம் வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இந்த வாசத்துலயே நோவு ஓடிப்போயிருமுங்க, அப்பறம் எதுக்கு மருந்து?” என்பாள். என் மனைவி மேலே வந்து இருந்த இரண்டு மாதமும் அவளுக்குத் துணை இருசாயிதான். அன்றைக்கு அவள் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். கூடவே அடுத்த காட்டுக்காரி பாப்பாயி.

“சாமை அறுத்துக்கிட்டு இருந்தேன் சாமி. அருவா பட்டுப்போச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். இவதான் பாம்புங்கறா.”

புறங்கையில் இரண்டு பல் தடம். கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. விஷம் ஏறாமல் இருக்க நான் முழங்கைக்கு மேல் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நல்லமுத்து வந்து சேர்ந்தார். அடித்த பாம்பைக் குச்சியில் கொண்டுவந்திருந்தார். முதுகு நெடுகச் சங்கிலி மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது. கண்ணாடி விரியன்.

நான் அலமாரியைத் திறந்தேன். அங்கே இல்லை என்பது தெரியும். இருந்தும் திறந்தேன்.

“ஊசி போடுவீங்களா?” என்று கேட்டாள் இருசாயி. “ஊசின்னா எனக்குப் பயமுங்க.”

“ஊசி இல்ல ஆத்தா.”

“அப்பச் செரி” என்று சிரித்தாள்.

காயத்தைப் பர்மாங்கனேட் தண்ணீரில் கழுவினேன். ஒரு மாத்திரை கொடுத்தேன். அதெல்லாம் விரியன் விஷத்துக்கு ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். நல்லமுத்துவை வெளியே கூப்பிட்டு, “உடனே கீழ கொண்டு போகணும். டவுன் ஆஸ்பத்திரிலதான் மருந்து இருக்கும்” என்றேன். அவர் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. டோலி கட்ட மூங்கில் வெட்ட ஓடினார்.

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் சந்தை நாள் அது. ஆண்கள் எல்லாரும் விடியும் முன்பே மிளகும் வாழைத்தாரும் சுமந்துகொண்டு இறங்கிவிட்டார்கள். டோலி தூக்க நல்லமுத்துவும் இருசாயியின் தம்பி முத்தனும்தான் இருந்தார்கள். மூன்றாவதாக நான் நின்றேன். இன்னொரு தோள் வேண்டும். பாப்பாயி கண்ணாயியைத் தன் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூங்கிலின் பின்பக்கத்தைத் தோளில் வாங்கினாள். மலை இறங்கும் வரை நாங்கள் மூவரும் அடிக்கடி தோள் மாற்றினோம், அவள் ஒருமுறைதான் மாற்றிக்கொண்டாள்.

பாதி வழி வரை இருசாயி பேசிக்கொண்டே வந்தாள். அறுத்துப் போட்ட சாமையை மாடு தின்றுவிடுமே என்றாள். கண்ணாயிக்கு மத்தியானம் காதில் மருந்து ஊற்றவேண்டும் என்று யாரிடம் சொன்னோம் என்று கேட்டாள். அப்புறம் பேச்சு குறைந்தது. ஓர் ஓடையில் டோலியை இறக்கித் தண்ணீர் கொடுத்தபோது அவள் வாய் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் சிவப்பாக விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

“வெத்தல போடவே இல்லீங்களே” என்றாள்.

நல்லமுத்து என் முகத்தைப் பார்த்தார். நான் டோலிக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். சொல்லிவிடலாம் என்று வழி நெடுகத் தோன்றியது. அன்றைக்குப் பாறைமேல் உடைத்தது எது தெரியுமா என்று கேட்க வாய் வரை வரும். தூக்குகிறவனின் கால் தளர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மணிக்குப் பேளுக்குறிச்சி வந்தோம். சந்தைக்குச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றாகப் போயிருந்தது. தோள் வரை கை கறுத்து வீங்கியிருந்தது. ஊசி குத்திய இடத்திலெல்லாம் ரத்தம் நிற்காமல் கசிந்தது. அங்கே மூன்று குப்பிதான் கையிருப்பு. மூன்றையும் போட்டார்கள். இன்னும் மருந்து வாங்கிவர சேலத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் நரைத்த தலைக்காரர். என் சட்டையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, “நீ மேல இருக்கிற கம்பவுண்டரா? எட்டு மணிக்குக் கடிச்சிருக்கு. அங்கேயே ஏன் போடலை?” என்று கேட்டார்.

நல்லமுத்து என் பக்கத்தில்தான் நின்றார்.

“தேதி முடிஞ்சு போச்சுங்க சார். அழிச்சிட்டோம்.”

“எப்ப முடிஞ்சது?”

“ஆகஸ்டோடங்க.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “பொடி மருந்துதானே. மாசம் திரும்பினதும் அதுல வீரியம் போயிடுமா? வேற மருந்தே இல்லாத எடத்துல, கரைச்சுப் பாத்துட்டு, தெளிவா இருந்தா போட்டிருக்கலாம்” என்றார். பிறகு நர்ஸ் கூப்பிட, உள்ளே போய்விட்டார்.

நல்லமுத்து தன் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்தார்.

சேலத்து மருந்து வருவதற்குள், வெளிச்சம் இருக்கும்போதே, இருசாயி போய்விட்டாள். கடைசியாக அவள் தன் தம்பியைத்தான் கூப்பிட்டாள். எதற்குக் கூப்பிட்டாள் என்று முத்தனால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் அதே மூங்கிலில் அவளை மேலே கொண்டுபோனோம். சந்தைக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்துகொண்டதால் தோளுக்குக் குறைவில்லை. என்னைத் தூக்க விடவில்லை. விலக்கினார்களா, இரக்கப்பட்டார்களா என்று தெரியவில்லை. நான் பின்னால் நடந்தேன். ஒரு ஏற்றத்தில் நல்லமுத்து நின்று, நான் வரும்வரை காத்திருந்தார்.

“அன்னிக்கு நீங்க இருக்கட்டுமேன்னு சொல்லிப் பாத்தீங்க. நான் வாசல்ல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க.”

“நீங்க சொல்லியிருந்தாலும் ஒடச்சிருப்போம் கவுண்டரே.”

“ஆமாங்க” என்றார். “இருந்தாலும், கேக்கறதுக்கு வாய் இருந்துச்சில்லீங்களா?”

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தபோது விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் இருசாயியின் வீட்டுக்கு வழி காட்டச் சொன்னார். நான் போனேன். நல்லமுத்து எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். டாக்டர் கண்ணாயியின் காதை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்தார். கீழே போய் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மலைப் பகுதிகளில் புது மருந்து வந்து சேரும்வரை பழையதை அழிக்கக் கூடாது என்று கேட்டிருந்தார். விதிப்படி நடந்துகொள்ளவும் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

புதுக் குப்பிகள் நவம்பரில்தான் வந்தன. அவற்றை எண்ணி அலமாரியில் வைத்துவிட்டு, அன்று மருந்தகத்தைச் சீக்கிரம் பூட்டிவிட்டேன்.

நல்லமுத்து அதன்பிறகு மருந்தகத்துப் பக்கம் வரவில்லை. என்மேல் பகை எதுவும் இல்லை, வழியில் பார்த்தால் நின்று பேசுவார். ஆனால் அந்த வாசலை மிதிக்கமாட்டார். கண்ணாயியின் காதுக்கு நானே வாரம் ஒருமுறை போய் மருந்து விட்டேன். சீழ் நின்றது. அந்தக் காது மட்டும் கொஞ்சம் மந்தமாகவே போயிற்று.

அறுபத்திரண்டில் எனக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் அன்று, யார் சொன்னார்களோ, நல்லமுத்து கண்ணாயியோடு வந்து வெளியே நின்றார். என் டிரங்குப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. பேளுக்குறிச்சி வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டே வந்தோம். மிளகு விலை, அந்த வருஷத்து மழை, பாப்பாயியின் மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை. பெட்டியை பஸ் மேலே ஏற்றிவிட்டு இறங்கியவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏனுங்க, ஒன்னு கேக்கட்டுங்களா? அந்த ஊசியப் போட்டிருந்தா அவ பொழச்சிருப்பாளுங்களா?”

நாலு வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். பழைய மருந்து, போட்டிருந்தாலும் கேட்டிருக்காது என்று சொல்வதாக இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை.

“அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. விரியன் கடி. புது மருந்து போட்டாலும் எல்லாரும் பொழைக்கறதில்ல. ஆனா பொழைக்க வழி இருந்துச்சு. பாதிக்குப் பாதின்னு வச்சுக்கலாம்.”

“பாதி” என்றார். அந்தச் சொல்லை இன்னொரு முறை தனக்குள் சொல்லிக்கொண்டார். “நான் முழுசுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனுங்க, இத்தன வருசமா.”

அது அவருக்கு ஆறுதலா, இல்லை இன்னும் பாரமா என்று எனக்கு விளங்கவில்லை. கண்டக்டர் விசிலடித்தார். நல்லமுத்து என் கையைப் பிடித்து விட்டுவிட்டு, வளையல் கடை முன்னால் நின்றிருந்த மகளைக் கூப்பிட்டார். அவள் காதில் விழவில்லை. இரண்டாவது தடவை கூப்பிடாமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் நடந்தார்.