நாலாவது மாடி வரைக்கும்

மூச்சு நின்றுபோன அப்பாவின் கையில், ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். "இனிமே ரத்தம் வராதும்மா, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் குழாய்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும். கையை எடுத்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

அண்ணன் ஜன்னலோரமாக நின்று அப்பாவின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். லாரிப் பட்டறையில் பிரேக் பார்க்கிறவன். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசிந்ததில்லை. அப்பாவின் சட்டைகளை மட்டும் உள்ளங்கையால் மடித்து வைத்தான்.

மேசைமேல் அவளுடைய போன் மறுபடி அதிர்ந்தது.

"எடுத்துத்தான் பேசேன்."

"யாருன்னு தெரியும். ரெண்டு மணிக்கு மீட்டிங்."

"இன்னிக்கா வச்சாங்க?"

"அப்பாகிட்ட கேட்டுட்டா வைப்பாங்க?" என்றாள். சொன்ன பிறகு இருவருக்கும் சங்கடமாக இருந்தது.

கல்வி வாசனையே இல்லாத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கென்று பல்கலைக்கழகம் கொஞ்சம் இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. அதை அடுத்த வருடத்தோடு நிறுத்திவிடலாமா என்று இன்றைக்கு வாக்கெடுப்பு. அவளுக்கும் ஒரு வாக்கு உண்டு. பேசவும் பெயர் கொடுத்திருந்தாள். வேண்டும் என்கிறவர்கள், "உங்களையே பாருங்க, ஒதுக்கீட்டுல வந்து எங்க இருக்கீங்க" என்பார்கள். வேண்டாம் என்கிறவர்கள், "உங்களையே பாருங்க, நீங்க எப்படியும் வந்திருப்பீங்க" என்பார்கள். இரண்டு தரப்புக்கும் உதாரணமாக நின்று நின்று அவளுக்குச் சலித்துப்போய்விட்டது. எங்கேயாவது போய் உதாரணமில்லாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்றிருந்தது.

இரு தரப்புக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய கட்டடத்தில் ஓய்வு பெறும்வரை லிஃப்ட் இயக்கியவர் அவளுடைய அப்பா.

அவள் கல்லூரியில் சேருவதற்கு முதல் நாள் அவரே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "லிஃப்டுக்குள்ள நான் யாரோ, நீ யாரோ. ஒதுக்கீட்டுல வந்தவன்னு எப்படியும் ஒரு பேச்சு இருக்கும். லிஃப்ட்காரன் உள்ள இருந்து பொண்ண நுழைச்சுட்டான்னு இன்னொரு பேச்சும் எதுக்கு? ஒரு தலைக்கு ஒரு சுமை போதும்." அவள் அழுதாள், சாப்பிட மாட்டேன் என்றாள். மனுஷன் அசையவில்லை.

அப்படியே நடந்தது. மாணவியாக ஏறினாள், பிறகு ஆசிரியையாக ஏறினாள். "எந்த மாடி?" என்பார். சொல்வாள். அது பழைய லிஃப்ட், எந்த மாடியிலும் தரைக்குச் சரியாக நின்றதில்லை. ஒரு விரல் கீழேயாவது நிற்கும். அதனால் இறங்குகிறவர் யாரானாலும், "கால் பாத்து" என்பார். அவளிடமும் சொல்வார். அந்தக் கட்டடத்துக்குள் அப்பா அவளிடம் பேசியது அவ்வளவுதான். அதற்காகவே சில நாள் ஒன்றுமில்லாமல் கீழே போய் மறுபடி மேலே வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். லிஃப்டில் பேராசிரியர்கள் ஒதுக்கீட்டைப் பற்றி அடித்துக்கொள்வார்கள், ஆனால் வாதம் முடிவதற்குள் மாடி வந்துவிடும். அந்தப் பாதி வாக்கியங்களைச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டுவருவார்.

"இன்னிக்கி நாலாவது மாடிக்காரரு சொல்றாரு, 'எல்லாருக்கும் ஒரே அளவுதான் வைக்கணும்னு நான் ஏன் சொல்றேன்னா'ன்னு. அதோட எறங்கிட்டாரு. ஏன்னு சொல்லியிருப்பாரு?"

"செருப்புக் கடைப் பக்கமே போகாத ஆளா இருக்கும்" என்பான் அண்ணன். அப்பாவுக்குப் புரையேறும்.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். வந்து நின்றவர் அந்த நாலாவது மாடிக்காரரேதான். அவளுடைய துறைத் தலைவர், இன்றைய கூட்டத்தில் நிறுத்த வேண்டும் என்று பேசப்போகிறவர்.

"ஆபீஸ்ல சொன்னாங்க. உங்க அப்பா தவறிட்டாருன்னு..." என்று ஆரம்பித்தவர் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இவரு நம்ம லிஃப்ட்ல இருந்தவராச்சே."

அவளுக்கு வாய் வரவில்லை. பழக்கம்.

"எங்க அப்பா" என்றான் அண்ணன்.

துறைத் தலைவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "என்னென்னவோ பேசியிருக்கேனே, இவரு காதுபட."

"பாதிதான் கேட்டிருக்காரு சார்" என்றாள் அவள். "நீங்க நாலாவது மாடியில எறங்கிடுவீங்க."

துறைத் தலைவர் கட்டிலைப் பார்த்துத்தான் சொன்னார். "என் பையனுக்கு ஒரு மார்க்குல போச்சு. அந்த வருஷம் அவன் வீட்டுல யார்கிட்டயும் பேசல. நான் பேசறதெல்லாம் அதுலேர்ந்துதான். வெளிய வேற மாதிரி சொல்லிப்பேன்."

"எனக்கு ரெண்டு மார்க்கு சார்" என்றான் அண்ணன், பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே. "அதுக்கு அடுத்த வருஷம் இந்த ஒதுக்கீடு வந்துச்சு, இவ போனா. ரெண்டு பேருக்கும் ஒரே மூளைதான், வருஷந்தான் வேற. ஒரு வகையில உங்க பையனும் நானும் ஒரே கட்சி."

அதில் கோபம் இல்லை. கோபப்படுகிற வயதெல்லாம் அவனுக்கு எப்போதோ கடந்துபோயிருந்தது. துறைத் தலைவர் அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவளிடம் சொன்னார். "இன்னிக்கி நீங்க வர முடியாது. உங்க ஓட்டு இல்லாம நான் ஜெயிச்சா நல்லா இருக்காது. நானும் போகல. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு குறையட்டும்."

நல்ல மனிதர்தான். சரி என்று சொல்லிவிட அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. யாருக்கும் உதாரணமாக இல்லாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

"அதான் சொல்றாருல்ல, இரேன்" என்றான் அண்ணன். "நாளைக்குக் காலையிலதான எடுக்கறோம். இத்தனை வருஷம் ஊருக்கு முன்னாடி அவரு உனக்கு யாரோதான். இன்னிக்கி ஒரு நாளாச்சும் மகளா இருந்துட்டுப் போ."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த ஏற்பாடு அப்பாவுடையது என்று அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் சொன்னதில் தப்பில்லை. அப்பா போட்ட பூட்டை இனி அப்பா வந்து திறக்கப்போவதில்லை.

பஞ்சிலிருந்து கையை எடுத்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"சார், நீங்க போகணும். அப்பாவ வீட்டுல வச்சுட்டு நானும் வர்றேன். நான் பேசறப்ப நீங்க எதிர்ல இருக்கணும்." அண்ணனிடம் திரும்பினாள். "யாரோட பொண்ணுன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கப்போறேன். வேற யார் முன்னாடி மகளா இருக்கச் சொல்றே?"

அண்ணன் பையைத் தூக்கித் தோளில் மாட்டினான். "போறதுன்னா முழுசா பேசிட்டு வா. பாதியில எறங்கி வந்துடாத. வர்றவங்கள நான் பாத்துக்கறேன்."

ஸ்ட்ரெச்சர் வந்தது. அப்பாவை மாற்றிப் படுக்கவைத்து, நடைவழியில் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் வாசலில் நின்ற ஆஸ்பத்திரி ஊழியர் கையை நீட்டித் தடுத்தார்.

"பாடிகூட சொந்தக்காரங்க மட்டுந்தான். மத்தவங்க அடுத்ததுல வாங்க." அண்ணன் ஏற்கெனவே தலைமாட்டைப் பிடித்தபடி உள்ளே போயிருந்தான். "நீங்க யாரும்மா இவருக்கு?"

திறந்த லிஃப்ட், உள்ளே அப்பா, பக்கத்தில் துறைத் தலைவர்.

"பொண்ணு" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. "இவரோட பொண்ணு."

"சார் யாரு?"

"ஏத்திக்கங்க" என்றான் அண்ணன் உள்ளேயிருந்து. "லிஃப்டுலதான் பழக்கம்."

கதவு மூடியது. அவள் ஸ்ட்ரெச்சரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது மாடியின் எண் எரிந்தது, அணைந்தது. யாரும் இறங்கவில்லை.

கீழே கதவு திறந்து, ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரம் வெளியே உருண்டது.

"கால் பாத்து" என்றாள்.

அது புதிய கட்டடம், தரை சமமாகத்தான் இருந்தது. துறைத் தலைவர் குனிந்து பார்த்து, காலை ஒரு விரல் அளவு தூக்கி வைத்து வெளியே இறங்கினார்.