கோலீனின் கறுப்புப் பசு

அயர்லாந்தில் இன்னும் ஐரிஷ் பேசும் கானமாராக் கரையில் கடற்பாசி ஆலை வேலைக்கென்று டப்ளினிலிருந்து வந்து நாலு வருஷமான கிரான்யாவுக்கு ஒரே ஆசைதான். ஊர்க்காரர்கள் அவளோடு ஐரிஷில் பேச வேண்டும். அதென்ன பெரிய வரமா என்று கேட்காதீர்கள். அவள் வாயில் ஒரு சொல் பிசகினால் போதும், எல்லாரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். விருந்தாளியைத் திணற விடக்கூடாதாம். பாழாய்ப்போன மரியாதை!

பக்கத்து வீட்டுக்காரர் கோலீனும் அப்படித்தான். "பரவால்லம்மா, இங்கிலீஷ்லயே சொல்லுங்க" என்பார்.

அதனால் மனசுக்குள் திருத்தித் திருத்திப் பார்த்த பிறகே அவள் வாயைத் திறப்பாள். அந்த மொழி லேசுப்பட்டதா என்ன! ஆண்பாலுக்கு ஒரு 'பெரிய', பெண்பாலுக்கு ஒரு 'பெரிய'. 'மனிதனுடைய' என்றால் மனிதனுக்கு நடு எழுத்தே மாறிவிடும். கோலீனைக் கூப்பிட்டால் அவரே 'ஹோலீன்' ஆகிவிடுவார்.

ஒருநாள் சாயங்காலம் ஜன்னல் வழியே பார்த்தாள். கடல் உள்வாங்கிய நேரத்தில் பாசி மேயப் போன கோலீனின் சின்னக் கறுப்புப் பசு, பாறைத்திட்டில் மாட்டிக்கொண்டு நின்றது. சுற்றிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினாள். அவர் திறந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. 'போ' என்றால் பசு, அது பெண்பால். 'பெக்' என்ற சின்ன, 'துவ்' என்ற கறுப்பு, இரண்டுக்கும் கோலீன் ஹோலீன் ஆவதுபோல முதலெழுத்து மெலிய வேண்டும். எப்படி மெலியும்? ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்திருக்கலாம், வீம்பு விடவில்லை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் ஆங்கிலத்தில்.

பசு கதறியது.

"போ பெக் துவ்! கடல்! கடல்!" என்று அலறிவிட்டாள். ஒரு எழுத்தும் மெலியவில்லை.

கோலீன் பாய்ந்து ஓடினார். இடுப்பளவுத் தண்ணீரில் அவர் இழுக்க, அவள் பின்னாலிருந்து தள்ள, பசு ஒருவழியாகக் கரையேறியது.

தொப்பியைப் பிழிந்தபடி அவர் கத்தினார், சுத்த ஐரிஷில். "ஏ புள்ள! என்னடி வாய் அது? 'போ வெக் குவ்'! என் பசுவை ஆம்பளையாக்கிட்டியே! எங்க, சொல்லு பாப்போம்!"

சொன்னாள். மறுபடியும் தப்பு.

"கழுதை! அது கரையேறி நின்னு சிரிக்குது பாரு."

கிரான்யாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இத்தனை வருஷத்தில் அந்த ஊரில் ஒருத்தரும் அவளைத் திட்டியதில்லை.

அதற்குள் கோலீனின் மனைவி பைபீன் போர்வையோடு ஓடிவந்து, "டீ குடிக்கிறீங்களாம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அவகிட்ட ஏண்டி இங்கிலீஷு?" என்றார் கோலீன். "நம்ம புள்ள அவ."