கல்யாணக் கோட்டுக்கு ஒரு மடக்குக்கத்தி

லயோல் ஊர்க் கடைவீதியில் கத்திக்கடை வைத்திருக்கும் கசாலை நான் அன்று படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மகள் கல்யாணத்தன்று என் வீட்டுக்காரர் ஒதிலோன் கோட்டுப் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக்கத்தி வேண்டும். காரியம் அவ்வளவுதான். அதற்கு அந்த மனுஷனின் மேசை கொள்ளாமல் கத்திகளைப் பரப்ப வைத்துவிட்டேன்.

ஒதிலோனிடம் கத்தி இல்லாமல் இல்லை. கன்றுக்குட்டியின் கயிற்றை அறுக்கவும் அதுதான், சாப்பாட்டில் சீஸ் நறுக்கவும் அதுதான். அதைச் சம்பந்தி முன்னால் விரித்தால் என் மானம் கப்பலேறிவிடும். அவர்கள் பாரிஸில் காபிக்கடை வைத்திருப்பவர்கள். ஆனாலும் பூர்வீகம் எங்கள் ஓப்ராக் மேடுதான். விருந்தில் முதலில் ஆளின் கத்தியைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்கள்.

"இதப் பாருங்கம்மா, ஆலிவ் மரத்துல பிடி. எவ்ளோ அழகா இருக்கு!"

"அழகாத்தான் இருக்கு. ஊர் சுத்திப் பாக்க வர்றவங்களுக்குக் குடுங்க."

"ஒயின் பாட்டில் தொறக்கற திருகி வச்சது இருக்கே?"

"கோட்டு ஒரு பக்கமா இழுத்துட்டுத் தொங்கவா? அவரு பொண்ணுக்கு அப்பாங்க. ஒயின் ஊத்தவா போறாரு?"

கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது. கறுத்த கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் மெல்லிய எஃகுப் பூண், முதுகில் பொடியாகச் செதுக்கிய ஒரு தேனீ. பேனா மாதிரி ஒல்லியாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். வெண்ணெய் போல மடங்கியது. தள்ளி வைத்தேன்.

"இது மாதிரியே வேற காட்டுங்க. இது சுலபமா மடங்குது."

"சுலபமா மடங்கணும்னுதானம்மா எல்லாரும் கேப்பாங்க!"

"எனக்குச் சுலபமா மடங்கக் கூடாது."

கசால் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் அதே அச்சில் இன்னொன்றைக் கொண்டுவந்தார். பட்டறையிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறதாம், கத்தியை இறுக்கிப் பிடிக்கும் வில் இன்னும் பழகவில்லையாம். என் பலத்துக்கு அது அசையவே இல்லை. அதையே கட்டச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுத் தலைவர் கத்தியை விரித்தால் சாப்பாடு தொடங்கும், மடக்கினால் முடிந்தது. அதன் பிறகு பாதிரியாரே ஆனாலும் ஒரு கவளம் வாயில் வைக்க மாட்டார். போன குளிர்காலத்தில் ஒதிலோனுக்கு மறதி நோய் வந்தது. இரண்டு வாய் சாப்பிடுவார், கத்தியை ரொட்டியில் துடைப்பார், டக்கென்று மடக்கிவிடுவார். நாங்களும் எழுந்துவிடுவோம். அப்புறம் அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தைச் சாப்பிடுவோம். "எசமான் நம்மளப் பட்டினி போட்டே பணக்காரர் ஆயிடுவாரும்மா," என்பான் மாடு மேய்க்கிறவன். ஆனால் ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கல்யாணப் பேச்சு வந்ததும் அவர் தம்பி லியோன்ஸ் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, நடு நாற்காலியில நான் உக்காந்துக்குறேன். சூப்பு வர்றதுக்குள்ள அண்ணன் மடக்கிட்டார்னு வைங்க, ஊரே கூடியிருக்கும், சந்தி சிரிச்சுப்போயிடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் நொயெலி வந்துவிட்டாள். "எங்கப்பா உக்காராத விருந்துல எனக்குக் கல்யாணமே வேணாம் சித்தப்பா. உங்களுக்கு ஆசையா இருந்தா நீங்க பண்ணிக்குங்க."

அவள் என் பெண், வாய் அப்படித்தான் இருக்கும். எனக்கும் அந்த ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. ஒரே ஒரு சாப்பாட்டுக்காவது, பெண்ணின் கண் முன்னால், அவர் வீட்டுத் தலைவராக உட்கார்ந்து எழ வேண்டும். அதற்குத்தான் மடங்காத கத்தி.

கல்யாணத்தன்று அவரைப் பார்க்க வேண்டுமே! கறுப்புக் கோட்டும் வாரிய தலையுமாக மாப்பிள்ளையே தோற்றுப்போவான். நடு நாற்காலியில் உட்கார்ந்து கத்தியை எடுத்து விரித்தார். சம்பந்தி எட்டிப் பார்த்து, "ஜோரான கத்தி," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சூப்பு போனது. மாட்டிறைச்சி போனது. உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துக் கிண்டிய அலிகோவைக் கரண்டியில் தூக்கி, நூல் நூலாக இழுத்துப் பரிமாறினார்கள். அவர் நிதானமாகச் சாப்பிட்டார், கத்தியை மடக்கப் போகவே இல்லை. லியோன்ஸ் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அவன் தட்டுக்குள் குனிந்துகொண்டான்.

கேக் வந்தது, காபி வந்தது. கோப்பைகள் காய்ந்தும் போயின. அவர் மடக்கவில்லை. அக்கார்டியன்காரர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் ஆட்டம் அப்பாவோடு ஆட வேண்டும் என்று நொயெலி கவுன் நுனியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக மேசைக்கடியில் நழுவின. பெரியவர்கள் யாரும் எழ முடியாது. ஆங்காங்கே செருமல் கேட்டது.

லியோன்ஸ் என் காதருகே குனிந்தான். "அண்ணி, நான் வாங்கி மடக்கிடவா?"

"கை இருக்காது."

தப்பு என்னுடையதுதான் என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனமாக வில் இறுகிய கத்தியை வாங்கி அவரைத் திண்டாட வைத்துவிட்டேனே என்று அடித்துக்கொண்டது மனம். அவர் பக்கம் சாய்ந்தேன்.

"என்னங்க, மடங்கலயா?"

அவர் திரும்பி, வெளிப் பெண்களிடம் காட்டும் பணிவோடு என்னைப் பார்த்தார்.

"அதில்லம்மா. இந்த வீட்டுப் பெரியவர் இன்னும் மடக்கலயே. அவருக்கு முன்னாடி நாம மடக்குனா மரியாதையா இருக்காது பாருங்க."

கட்டிய நாளிலிருந்து என்னை 'ஏ மார்த்' என்றுதான் கூப்பிடுவார். அம்மா என்றோ பாருங்க என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டு மேசையில் பழைய கத்தியோடு உட்காரும்போது, அது தன் வீடு என்ற நினைப்பாவது அவருக்கு இருந்தது. இப்படி ஒரு கோட்டையும் கத்தியையும் கொடுத்து நானே அவரை விருந்தாளி ஆக்கிவிட்டேன். அழ முடியாது, மேசை முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பெரியவருக்கு உடம்பு முடியலங்க," என்றேன். "அவருக்குப் பதிலா உங்களத்தான் மடக்கச் சொன்னாரு."

"என்னையா?"

"உங்களத்தான். நீங்க செஞ்சா சரியா இருக்கும்னாரு."

கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ரொட்டித் துண்டில் கத்தியின் இரண்டு பக்கமும் துடைத்தார். எனக்கு அசையாத அந்த வில், மாடு பிடித்த கைக்கு ஒரு பொருட்டே இல்லை. டக்.

அத்தனை நாற்காலிகளும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன. நொயெலி ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "அப்பா, வாங்கப்பா, ஆடலாம்."

அவர் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தட்டுவது போல அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, அவளுக்குக் கேட்காமல் சொன்னார்.

"பாவம்மா இந்தப் பொண்ணு. கல்யாணத்தன்னிக்குப் பாத்து அப்பா வர முடியாமப் போச்சே."

"ஆமாங்க," என்றேன். "அவருக்குப் பதிலா நீங்களே ஒரு ஆட்டம் ஆடிட்டு வாங்க."