பஸ் ஜன்னலுக்கு ஒரு விளக்கு

பிரவீன்குமார் திருடிய படத்தை எந்த விளக்கைப் போட்டு அசிங்கப்படுத்தலாம்? ஒன்பது நாளாக இசைப்பிரியாவின் நோட்டில் இந்த ஒரு கேள்விதான்.

சுரங்க நகரியத்து மாலை வகுப்பில் இருவரும் புகைப்படம் படித்தார்கள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அவள் அப்பா அய்யனார், ஷிப்ட் முடிந்து பஸ் ஓரம் நின்றதை எடுத்தவள் அவள். வகுப்புக் கணினியில் ஏற்றிவிட்டு மெமரி கார்டை அழித்துத் தொலைத்தாள். அங்கிருந்து அதைத் தன் செல்போனுக்கு மாற்றிக்கொண்டான் பிரவீன்குமார். இப்போது கண்காட்சியில் அது அவன் பெயரில் தொங்குகிறது.

“ஆதாரம் இருக்காம்மா?” என்றார் மாஸ்டர் சோமசுந்தரம்.

“ரெட்டை ஜடை சொன்னா யாரு சார் நம்புவா?” என்று அவள் சடையைக் காட்டிச் சிரித்தான் பிரவீன்குமார். ஒருவேளை தானே உளறுகிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஏணியில் ஏற யாரும் முன்வராததால் விளக்குப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

நடுவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஹாலில் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். டியூப்லைட்டில் அப்பாவின் முகம் பச்சை பாய்ந்து நோயாளியாகத் தெரிந்தது. குறித்துக்கொண்டாள். நேர் எதிரே விளக்கைப் போட்டால் சட்டத்தின் கண்ணாடியில் விளக்குதான் தெரிந்தது, படம் தெரியவில்லை. அதற்கு இரண்டு டிக். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்ல விளக்கையும் பார்க்காமல் எழுதினால் சோதனை அரைகுறையாகிவிடுமே என்று, பளிச்சென்ற ஸ்பாட் பல்பை மேலேயிருந்து சாய்த்துப் போட்டாள்.

கண்ணாடியின் பளபளப்பு தரைக்கு இறங்கியது. அதுவரை வெறும் கறுப்பாகக் கிடந்த பஸ் ஜன்னலில் ஓர் உருவம் எழுந்தது. இரட்டைச் சடை, முகத்துக்கு நேரே கேமரா. அவளேதான். செல்போனில் மட்டும் படத்தைப் பார்த்தவன் இதைக் கவனிக்கவில்லை.

நோட்டில் எழுதியதையெல்லாம் அடித்தாள். விளக்கு இருந்த கோணத்தை மட்டும் இரண்டு முறை அளந்தாள்.

மறுநாள் நடுவராக வந்த திலகவதி அந்தப் படத்தின் முன்னால் நின்றார். “நல்லாருக்கு தம்பி. ஜன்னல்ல யாரு?”

பிரவீன்குமார் குனிந்து பார்த்தான்.

“அண்ணனேதாங்க மேடம்,” என்றாள் இசைப்பிரியா. “ரெட்டை ஜடை போட்டுகினு நிக்கறாரு பாருங்க. எவ்ளோ லட்சணம்!”

ஹால் முழுக்கச் சிரிப்பு. சோமசுந்தரம் அவள் சடையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பெயர்ச் சீட்டைத் தன் கையாலேயே உரித்தார்.

“இசை, ஏணில ஏறி அந்த லைட்ட மட்டும் திருப்பி விட்டுடு, ப்ளீஸ்,” என்று பிரவீன்குமார் முணுமுணுத்தான். “எங்கப்பா வந்துட்டிருக்காரு.”

“வரட்டுங்க. அவருக்கும் நல்லாத் தெரியணுமில்ல?”

ஏணியைத் தூக்கிப்போய் அறைக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை நோட்டுக்குள் செருகிக்கொண்டு, வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.