ரத்தம் நின்றால் ஏன் நின்றது

1

இந்தக் கதை என் மச்சானின் வாயிலிருந்து வந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. இரவுப் பணியை விட்டுவிட்டு அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். காலையில் பல் துலக்கப் போனால், எனக்கு முன்னால் அக்காவின் கணவர் வாஷ்பேசினில் ரத்தம் துப்பிக்கொண்டிருக்கிறார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'புகை அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்

(நிறுத்திவிட்டேன். அடுத்த சொல் 'தின்றது'. சிகரெட் அட்டையில் அச்சடிக்கலாம்.)

2

மச்சான் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வெகுகாலம் சிகரெட். பிறகு மாம்பழ வாசனை வேப், அதாவது மின்சிகரெட். "சாம்பலே இல்ல, பாரு." கீழ்வரிசை முன்பற்கள் ஆடத் தொடங்கின. சிகரெட், வேப் ரெண்டையும் விட்டால் பல்லைக் காப்பாற்றப் பார்க்கலாம், விடாவிட்டால் பிடுங்க வேண்டியதுதான் என்றார் பல் டாக்டரம்மா. ஈறைச் சுத்தம் செய்யவும் நாள் குறித்தார். மச்சான் ரெண்டையும் விட்டார். சில வாரத்தில் ரத்தம்.

"ஊதுனப்ப ஒரு சொட்டு வந்துச்சா மாப்ள? விட்டதும் கொட்டுது. அப்ப எது நல்லது?"

"பல்லுதான் ஆடுது, பேச்சு அசையாம நிக்குது" என்றாள் அக்கா.

3

இங்கே மச்சானை முட்டாளாக்கக் கை துடிக்கிறது. அவர் முட்டாளில்லை. மெஷின் எண்ணெய் கசிந்தால், கடைசியாக எதை மாற்றினோம் என்றுதான் முதலில் பார்ப்பார். கடைசியாக மாற்றியது, புகையை விட்டது. கணக்கு சரி. விடை தப்பு.*

* நிகோடின் ஈறின் ரத்தக்குழாய்களை இறுக்கும். வேப்பிலும் பெரும்பாலும் அதே நிகோடின்தான். கிருமியோடு மோத வேண்டிய வெள்ளணுக்களும் புகையில் சரியாக வேலை செய்யாது. உள்ளே எலும்பு கரையும். வெளியே ரத்தம் தெரியாது. விட்ட பிறகு ரத்த ஓட்டம் திரும்புகிறது, பழைய நோய் அப்போதுதான் தெரிகிறது. (இதை யாராவது பேசுவதாக எழுதிப் பார்த்தேன். பேசுகிறவர் பாடப்புத்தகம் ஆகிவிட்டார்.)

மச்சான் இதே கேள்வியைக் கேட்டபோது டாக்டரம்மா சுருக்கமாகத்தான் திருப்பிக் கேட்டார்: "மெஷின்ல அலார வயரப் புடுங்கிட்டு, சத்தம் இல்ல, நல்லா ஓடுதுன்னு சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன்" என்றார் மச்சான். "ஆனா நிம்மதியா இருக்கும்."

4

முடிவு அ: பற்கள் இறுகின, அக்கா சிரித்தாள். (பேஸ்ட் விளம்பரம்.)

முடிவு ஆ: பற்கள் விழுந்தன, மச்சான் திருந்தினார். (விழுந்த பிறகு திருந்தி என்ன?)

இனி, உண்மையில் நடந்தது. இன்று காலை, கண்ணாடிக்கு மேலேயுள்ள அலமாரியிலிருந்து பழைய வேப்பை எடுத்தார். தூக்கிப் போட்டிருக்கவே இல்லை.

"சும்மா நாலு நாள் மாப்ள. ரத்தம் நிக்குதான்னு பாத்துட்டு விட்டுடுறேன்."

"நின்னாலும் நிக்கும் மச்சான். அதான் பிரச்சனையே."

அவர் ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் வேப்போடு என்னைப் பார்த்தார். வெளியிலிருந்து அக்கா கதவைத் தட்டினாள்: "உள்ள ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: ரத்தம் நின்றது என்று எழுதினால், ஈறு ஆறி நின்றதா, புகை இழுத்து நின்றதா என்பதையும் எழுத வேண்டும்.