தண்ணீர்க்காரனின் வலது கால்

பாரிஸில் புரட்சி நடந்த அந்த வருஷம் வாக்கெடுப்பு இல்லாமல் எதுவும் நடக்காது. ரொட்டியின் எடைக்கு ஒரு வாக்கு, தெருவின் பெயருக்கு ஒரு வாக்கு. அன்று காலை, பேட்டைக் குழு கூடும் பழைய தேவாலயத்தில் வாக்குக்கு வந்தது அம்புரோவாசின் வலது கால்.

அம்புரோவாஸ் தண்ணீர் சுமப்பவன். ஆற்றிலிருந்து இரண்டு வாளி, ஆறு மாடி. முந்தாநாள் கலவரத்தில் தொடையில் குண்டு பாய்ந்து, இப்போது பலிபீடத்தின்மேல் கிடந்தான். பேட்டைக்கு வைத்தியம் பார்க்கும் கிராசியான் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தான், எலும்பு தப்பியிருந்தது. குண்டை எடுத்துக் கட்டினால் மூன்றே வாரத்தில் நடப்பான். கிராசியானுக்குப் பத்தொன்பது வயது. அறுவைக் கல்லூரியைப் புரட்சி மூடிவிட்டதால், அவன் படித்ததைவிட அறுத்தது அதிகம்.

குழுத் தலைவன் தூப்ரேக்கு வேறு கணக்கு. அவன் பொய்முடி வியாபாரி. ஊரில் தலைகள் குறையத் தொடங்கியதும் கடையை மூடிவிட்டு தேசபக்திக்கு மாறியிருந்தான்.

"பக்கத்துப் பேட்டைக்காரன் ஒத்தைக்கண் வீரனை வண்டியில ஏத்தி ஊர்வலம் விடறான். நம்மகிட்ட என்ன இருக்கு? ஒரு மரக்கால்கூட இல்ல!"

"மரக்காலை எப்ப வேணா வாங்கிக்கலாம் தோழா. நெசக்கால் எந்தக் கடையிலயும் கிடைக்காது" என்றான் கிராசியான்.

"உனக்கு நற்சான்று வேணுமா, வேணாமா?"

நற்சான்று இல்லாதவன் பெயர் பட்டியலில் ஏறும். பட்டியல் போய்ச் சேரும் தலைவெட்டு மேடை சதுக்கத்தில் இருந்தது.

"ஐயா, சாமி, என் காலை விட்ருங்கய்யா" என்று முனகினான் அம்புரோவாஸ்.

"இங்க ஐயாவும் கிடையாது, சாமியும் கிடையாது! தோழான்னு சொல்லு!"

"தோழா... என் காலு..."

ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்பதுதான் வாக்கு. உட்கார்ந்திருப்பவனைக் குறித்துக்கொள்வார்கள். போன மாதம் முட்டிவலிக்காரச் செருப்புத் தைப்பவன் ஒருவன் கொஞ்சம் தாமதமாக எழுந்து, மூன்று நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தான். அதிலிருந்து சபை துள்ளித்தான் எழும். தூப்ரே கையைத் தூக்கினால் கால் போயிற்று.

சந்தையில் 'முடியாது' என்பவனுக்கு வியாபாரம் போகும். விலையை ஏற்றுபவனுக்கு நேரம் கிடைக்கும். கிராசியான் விலையை ஏற்றினான்.

"அறுத்துடலாம் தலைவா! ஆனா பிடிக்க ஆள் வேணும். மக்கள் தீர்ப்பை மக்களே பிடிச்சு நிறைவேத்தறதுதானே நியாயம்? அதனால எழுந்து நிக்கறவங்க எல்லாம் இப்படி வாங்க. ரத்தம் மூஞ்சியில அடிக்கும், வாயை மூடிக்கோங்க. திமிறினான்னா ரம்பம் யார் விரல்ல இறங்கும்னு நான் சொல்ல முடியாது."

ரம்பத்தை எடுத்துப் பெஞ்சின் காலில் ஓர் இழு இழுத்தான். கர்ர்ர்க்.

"கால் எடுக்கச் சம்மதிக்கறவங்க எழுந்திருங்க!" என்றான் தூப்ரே.

அறுபது பேரும் பெஞ்சோடு பெஞ்சாக ஒட்டிக்கொண்டார்கள். அத்தனை பேரையும் பட்டியலில் ஏற்ற போதுமான காகிதம் அந்தப் பேட்டையில் இல்லை.

"ஒருத்தன் நிக்கறான்யா!" என்று கத்தினாள் மீன்காரி மத்தூரின். "தலைவா, நீ தலைப்பக்கம் பிடிக்கிறியா, கால்பக்கமா?"

அப்போதுதான் தூப்ரே குனிந்து தன் கால்களைப் பார்த்தான். மேடையில் நாற்காலி இல்லை. படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தான்.

அவன் மூச்சு விடுவதற்குள் கிராசியான் இடுக்கியை இறக்கினான். அம்புரோவாஸ் வாயில் திணித்த தோல்வாரைக் கடித்தபடி அலறினான். குண்டு தட்டில் விழுந்து உருண்டது.

காலை வெட்டும் சதியைக் குழு ஒருமனதாக முறியடித்தது என்று தூப்ரே குறிப்பில் எழுதவைத்தான். 'குழு காத்த கால்' என்ற பலகையோடு அந்தக் கால் நாற்காலியில் ஊர்வலம் போனது; பக்கத்துப் பேட்டையின் ஒற்றைக்கண் அதை முறைத்துப் பார்த்தது.

மூன்று வாரம் கழித்து நற்சான்றில் கையெழுத்து வாங்க கிராசியான் தூப்ரேயின் வீட்டுக்கு ஆறு மாடி ஏறினான். அவனுக்குப் பின்னாலேயே, கொஞ்சம் நொண்டியபடி, இரண்டு வாளியோடு அம்புரோவாசும் வந்தான்.

"எங்க ஊத்தணும், ஐயா?"

தூப்ரே படிக்கட்டை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை.

"அண்டாவுல ஊத்துப்பா" என்றான், முகமெல்லாம் மலர.