பால் பூசிய பிரஜாவுரிமை

1
இந்தக் கதை பிறந்த இடத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன், கண்ணுகளா. இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நாகலிங்கத்தின் பெட்டியிலிருந்து வந்த ஒரு தாளில் பிறந்தது. அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ். இந்த மண்ணிலேயே பிறந்தும், இந்திய வம்சமென்று நாற்பது வயதுவரை நாடில்லாமல் இருந்தவருக்கு 2004இல் கிடைத்தது. மழையில் நனையாமலிருக்க அதன்மேல் ரப்பர் பால் பூசி வைத்திருந்தார். இப்போது பழுப்பேறி எழுத்தே தெரியவில்லை.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: அறியாமையில் மூழ்கிய ஒரு தொழிலாளி, தன்

(வேண்டாம். அடித்துவிட்டேன்.)

அவர் மகள் தனுஜாவை ருமேனியாவில் ஒரு தையல் கம்பனி வரச்சொல்லிவிட்டது. இங்கே பாஸ்போர்ட்டுக்குத் தகப்பனின் தாளைக் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் வேலை வேறொருத்திக்கு.

"ஏன்ப்பா பால் பூசுனீங்க?"

"கூரை ஒழுகுச்சே புள்ள."

"அப்ப கூரையில பூசியிருக்கலாம்ல!"

நாகலிங்கம் சிரித்தார். (சிரித்தார் என்று நான்தான் எழுதுகிறேன். அவர் எழுந்து வெளியே போனார்.)

3
தனுஜா பாஸ்போர்ட் அலுவலகக் கவுண்டரில் தேசிய கீதம் பாடுவதாக எழுதி, அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

"பெரியம்மா, ஸ்கூல்ல நாலு வருஷம் முன்னுக்கு நின்னு பாடுனவ நான். இன்னும் பாடித்தான் காட்டணுமா? அத வெட்டுங்க."

வெட்டினேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அலுவலர் தாளை முகர்ந்து பார்த்து, "ரப்பர் ஷீட்டா?" என்று சிங்களத்தில் சிரித்தார். "இந்தியாக்காரங்க இல்லன்னு அங்கயிருந்து கடிதம் கொண்டு வாங்க" என்றார்.

அவரைவிட நல்ல சிங்களத்தில் தனுஜா சொன்னாள்: "அந்த நாட்ட எங்கப்பா கண்ணால கண்டதில்ல, மாத்தயா."

(ஓரக்குறிப்பு: அவள் அப்பா வெட்டிய பாலெல்லாம் ஷீட்டாகிக் கடல் தாண்டியது. அதற்குத் தகப்பன் யாரென்று எந்தத் துறைமுகமும் கேட்கவில்லை.)

4
மறைக்க மாட்டேன் என்றேன். மறைத்துவிட்டேன். பால் பூசச் சொன்னவள் நான். "எம் புருஷன் போட்டோவுக்குப் பூசுனேன் தம்பி, ஒரு சொட்டு எறங்கல" என்றேன். அறியாமை என்று நான் எழுதியது யாருடையது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

5
முடிவு ஒன்று: அலுவலர் மனமிரங்கி... என் கையே நம்பவில்லை. கிழித்தேன்.

முடிவு இரண்டு: தனுஜா திரும்பி வந்து, அப்பாவின் பால்வாளியை எடுத்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு

(எழுத மாட்டேன்.)

நாளைக்குப் பெரிய அலுவலரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாற்காலியில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன், கண்ணுகளா. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பாலுக்குப் பின்னால் முத்திரை தெரியும். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு முதலில் கையில் வாங்க வேண்டும்.

தனுஜா நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.